பஹிங் நாளில் மட்டும்

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, நிறுவனத்தின் முதலாளி பாக் ஹார்டோனோ. அவருக்கு வலப்புறம் கெடுங்சாரி மாட்டுச் சந்தையின் தலைவி இபு லாஸ்மினி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சந்தைக் குமாஸ்தா பாக் திமன், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தார். எதிர் வரிசையில், கதவோரமாக, எழுந்து ஓட வசதியான இடத்தில், போர்டுகள் செய்யும் ப்ரயித்னோ. அவனுக்கு அடுத்து, மடிக்கணினியைத் திறந்து வைத்தபடி முர்தினிங்சி. ஜாவாவின் சலாதிகா நகரில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மூத்தவர்களுக்கு நிங். மற்றவர்களுக்கு எம்பாக் நிங், அதாவது நிங் அக்கா. பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா, மாஸ் என்றால் அண்ணன்.

மேசை நடுவில் ஒரு தட்டில் தெம்பே, புளிக்கவைத்த சோயாத் துண்டுகளின் வறுவல். அதன் பக்கத்தில், குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தியது போல, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

சந்தை வாசலில் மாடு நுழையும்போது அதன் காதில் உள்ள வில்லையை ரேடியோ மூலம் படித்து, எண்ணி, சீட்டு அச்சடித்துத் தரும் பெட்டி அது. போர்டு ப்ரயித்னோ செய்தது. அதன் கெர்னலுக்குள், அதாவது பெட்டியை இயக்கும் மென்பொருளின் மையத்துக்குள், உட்கார்ந்து ரேடியோவோடு பேசும் டிரைவர் நிரல் நிங் எழுதியது. சுற்றுவட்டாரத்தில் ஆறு சந்தைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தில் எந்தத் தொல்லையும் இல்லை. லெகி, பஹிங், பொன், வகே, க்லிவொன் என்று ஐந்து நாளுக்கொரு முறை சுற்றி வரும் ஜாவா வாரத்தில், கெடுங்சாரிக்குச் சந்தை பஹிங் அன்று. அங்கே மட்டும்தான் வினை.

"ஒவ்வொரு பஹிங்கும் இதே கூத்துதான்," என்றார் இபு லாஸ்மினி. "அஞ்சரைக்கு ஆரம்பிச்சா ஜோரா ஓடுது. ஏழரைக்குப் படுத்துடுது. அப்புறம் நான் நோட்டைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மாட்டுக் காதையும் பிடிச்சுத் திருகிப் பாக்கறேன். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

"தெக்குப் பக்கம் ஆலமரத்துல ஏதோ இருக்குன்னு ஜனங்க சொல்றாங்க," என்றார் பாக் திமன். "போன தடவை பூ வச்சேன். கேக்கல."

"பூ பத்தாது பாக்," என்றான் ப்ரயித்னோ. "சாப்ட்வேர்ப் பேய்க்குக் காபி வைக்கணும்."

நிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. "டிரைவர்ல தப்பு இருக்குமோன்னு தேடிப் பாத்தாச்சு..." என்று தொடங்கினாள்.

"இருக்கும், கட்டாயம் இருக்கும்!" பாக் திமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த லாரி டிரைவருங்க வாசல்லயே வண்டியை நிறுத்திட்டுப் பொட்டி மேல சாய்ஞ்சு சிகரெட் பிடிக்கிறானுங்க. எத்தனை தடவை சொல்றது?"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை இபு லாஸ்மினி காத்திருந்தார். பிறகு சொன்னார்: "மாவட்ட ஆபீஸ்ல வெளிநாட்டுப் பொட்டி வாங்கிடலாம்னு பேச்சு. எனக்கு அது வேணாம். அது ரிப்பேரானா யாரைக் கூப்பிடறது? ஆனா மேல காட்ட என் கைல ஒரு லெட்டர் வேணும். இதைச் செஞ்சது யாருன்னு பேரைச் சொல்லி லெட்டர். இன்னிக்குப் பொன். அடுத்த பொன் அன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள வரணும். 'தெரியலை'ன்னு வந்துச்சுன்னா பொட்டியைக் கழட்டி அனுப்பிடுவேன், கோவிச்சுக்காதீங்க. நான் கழட்டினா மத்த அஞ்சு சந்தையும் கழட்டும்."

பாக் ஹார்டோனோ பெட்டியைப் பார்த்தார், பிறகு ப்ரயித்னோவை. "மெமரி சிப் மட்டமானதோ?"

ப்ரயித்னோவின் காது சிவந்தது. "மூணு தடவை மாத்திட்டேன் பாக்."

"என் கோடையும் மூணு தடவை வரி வரியாப் படிச்சிட்டேன்," என்றாள் நிங். "அதுல இல்ல." தேவைக்கு மேல் ஒரு பிடி உறுதியாகவே சொன்னாள். ப்ரயித்னோ அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தெம்பேயை எடுத்துக் கடித்தான்.

கையில் இருந்தவை நான்கு நாள். நிங் முதலில் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டாள். டிரைவரின் நினைவகத்தில் ஓர் இடத்தில் ஒரு முகவரி இருக்கிறது. நூற்றிருபத்தெட்டு மாடுகள் பதிவானதும் பட்டியல் நிறைந்துவிடும். டிரைவர் அந்த முகவரியைப் பார்த்து அடுத்த பட்டியலுக்குப் போகும். கெடுங்சாரியில் அப்படிப் போகும் நேரத்தில் முகவரி கெட்டுப்போயிருக்கிறது. இல்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, கெர்னல் குப்புற விழுகிறது. விழுந்த இடம் தெரிகிறது. ஆனால் கெடுத்தவன் அங்கே இல்லை. அவன் கை வைத்துவிட்டுப் போய் எவ்வளவு நேரம் ஆனதோ, யாருக்குத் தெரியும்.

வகே அன்று முந்நூறு காது வில்லைகளை ஒரு கூடையில் கொட்டி, அலுவலகத்து ஆன்டெனா முன்னால் நாள் முழுக்கக் குலுக்கினார்கள். பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நினைவகத்தில் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குள் யாராவது எல்லை தாண்டினால் கத்தும் சோதனைக் கருவி ஒன்று உண்டு. அதையும் ஓட்டினாள். அது ஒன்றும் சொல்லவில்லை. அது வீட்டுக்கு வெளியே வேலியைத்தான் காக்கும். வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிறவனை அதற்குத் தெரியாது.

"வாட்ச்பாயின்ட் வைக்கப் போறேன்," என்றாள் மதியம், சோத்தோ சூப்புக் கடையில். சூப்பில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்த ப்ரயித்னோ தலையைத் தூக்கினான்.

"சிப்புலயேவா?"

"சிப்புலயே. இந்தச் சிப்புல நாலு கண்ணு இருக்கு. ஒரு கண்ணுக்கு ஒரு முகவரியைக் குடுத்து, இதையே பாருன்னு சொல்லிட்டா போதும். எந்தக் கை அதுல எழுத வந்தாலும் சிப்பு அங்கேயே நிறுத்தி, யாரு, எங்கேருந்து வந்தான்னு வரி நம்பரோட சொல்லிடும். நாம தேடவே வேணாம்."

"வேகம் கொறையுமா?"

"துளி கூட இல்ல. அவன் கை வைக்கற வரைக்கும் கண்ணு இருக்கறதே தெரியாது."

ப்ரயித்னோ ஒரு வாய் சாப்பிட்டான். அவன் வம்புக்கு இழுப்பவன்தான், ஆனால் வேலையில் ஏமாற்றமாட்டான். "ஒண்ணு சொல்லணும் எம்பாக். என் ரேடியோ சிப்பு நேரா மெமரில எழுதும். நடுவுல உங்க சிப்பைக் கேக்காது. அது வழிதவறி எழுதினா உங்க கண்ணுக்குத் தெரியாது."

"தெரியும் மாஸ்," என்றாள். பிறகு திருத்திக்கொண்டாள். "அதாவது, தெரியாதுன்னு தெரியும். அதனால இப்படி வச்சுக்கலாம். கண்ணு பேசாமலே முகவரி கெட்டிருந்தா, அது உங்க போர்டு. கண்ணு பேசினா, அது கோடு."

"அப்ப பஹிங் அன்னிக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் மாட்டறோம்."

"ஆமா."

"உங்களையும் பிடிக்குமா அது? வச்ச ஆளாச்சேன்னு பாக்காதா?"

"யாரா இருந்தாலும் பிடிக்கும்."

"நல்ல கண்ணுதான்," என்று சொல்லிவிட்டு, அவள் தட்டிலிருந்த கடைசி பெர்கெதெலை எடுத்துக்கொண்டான். உருளைக்கிழங்கு உருண்டைக்காக அவள் சண்டை போடவில்லை.

க்லிவொன் முழுதும் அதை எழுதுவதில் போயிற்று. பெட்டி ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் முகவரி இருக்கும் இடம் மாறும். அதனால் கண்ணை வெளியிலிருந்து வைக்க முடியாது, டிரைவருக்கு உள்ளேயே வைக்க வேண்டும். முதல் முறை ஓட்டியதும் அரை நொடியில் பிடித்தது. நிங் துள்ளி எழுந்துவிட்டாள். பார்த்தால், தொடக்கத்தில் அந்த முகவரியை முறைப்படி எழுதும் வரியையே பிடித்திருந்தது.

"வீட்டுக்காரர் சாவி போட்டுத் திறந்ததுக்கே போலீஸைக் கூப்பிட்டாச்சா?" என்றான் ப்ரயித்னோ.

முறையான எழுத்து முடிந்த பிறகு கண் திறக்கும்படி மாற்றினாள். அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சிப்பில் நான்கு மூளைகள், ஒவ்வொன்றுக்கும் கண்கள் தனித்தனி. ஒன்றில் மட்டும் வைத்தால் திருடன் மற்ற மூன்றின் வழியாகக் கைவீசிக்கொண்டு போவான். நான்கிலும் வைத்தாள். பிடித்த உடனே பெட்டியை நிறுத்திவிட வேண்டும் என்றும் எழுதினாள். லெகி அன்று அந்த முகவரியின் மேல் தானே ஒரு எண்ணை வேண்டுமென்றே எழுதிப் பார்த்தாள். பிடித்தது. நாலு மூளைகளிலிருந்தும் எழுதிப் பார்த்தாள். நாலு தடவையும் பிடித்தது. மறுபடி கூடையைக் குலுக்கினார்கள். மாலை வரை கண் ஒரு வார்த்தை பேசவில்லை, முகவரியும் கெடவில்லை.

பஹிங். காலை ஐந்தே காலுக்கே கெடுங்சாரியில் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. சாணமும் கிராம்புச் சிகரெட்டும் கலந்த வாடை. நிங் ஒரு கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்து, சாம்பல் பெட்டியிலிருந்து வந்த கேபிளைச் சொருகினாள். வாசலில் கேபிள் மிதிபடாமல் ப்ரயித்னோ அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பாக் திமன் பெட்டிக்கு அடியில் வாழையிலைக் கிண்ணத்தில் பூ வைத்திருந்தார். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏழரை வரை உட்கார வேண்டியிருக்கும் என்று ஒரு குடுவை டீ கொண்டுவந்திருந்தார்கள்.

முதல் ஆளாக ஒரு வியாபாரி செம்பழுப்பு நிற லிமோசின் இனக் காளையை இழுத்துக்கொண்டு வந்தார். "சீக்கிரம் எழுதுங்க, இவன் இன்னும் டிபன் சாப்பிடல," என்றார். காளை வாசலுக்குள் தலையை நீட்டியது. பீப் என்றது பெட்டி.

அவ்வளவுதான். திரையில் எழுத்துகள் ஒரு கற்றையாகக் கொட்டின. பிறகு எல்லாம் நின்றது.

"என்னம்மா, படுத்துடுச்சா?" பாக் திமன் ஓடிவந்தார். "ஏழரை வரைக்கும் கூடத் தாங்கலையா இன்னிக்கு?"

"படுக்கல பாக்," என்றாள் நிங். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "பிடிச்சிடுச்சு."

எழுத்துகளைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். ரேடியோ அழைத்தது, டிரைவர் எழுந்தது, வில்லை படிக்கப்பட்டது, மாடு எண்ணப்பட்டது. உச்சியில், எழுத வந்த கையின் பெயர். சந்தை நாள்வாரியாக மாடுகளை எண்ணும் சின்னச் சார்பு, டிரைவருக்குள் ஒரு குட்டி நிரல். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. வேறு யாரும் தொடாத வரி. அவளே எழுதி, அவளே மூன்று முறை படித்து, அதில் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன வரி.

முகம் சுட்டது. காளை அவள் தோள்பக்கம் மூச்சு விட்டது.

அந்தச் சார்பைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கூட்டம் மிகுந்த நாளில் ரேடியோ வேகமாகக் கேட்க வேண்டும். அதற்கு எந்தச் சந்தை நாளில் எத்தனை மாடு என்று டிரைவருக்கே தெரிய வேண்டும். ஜாவாவில் ஒவ்வொரு சந்தை நாளுக்கும் ஓர் எண் உண்டு. கல்யாணத்துக்கு நாள் பார்க்கவும் வீட்டுக்குத் தூண் நடவும் கூட்டிக் கழிக்கும் அந்த எண்ணுக்கு நெப்து என்று பெயர். லெகிக்கு ஐந்து, பஹிங்குக்கு ஒன்பது, பொன்னுக்கு ஏழு, வகேக்கு நாலு, க்லிவொனுக்கு எட்டு. பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துவிடும் கணக்கு. அந்த எண்களையே இருக்கை எண்களாக வைத்து, ஒவ்வொரு நாளின் மாடுகளையும் அதனதன் இருக்கையில் எண்ணியிருந்தாள். வெளிநாட்டுக்காரன் எவனுக்கும் தோன்றாத யோசனை. மிகப் பெரிய எண் ஒன்பது, ஆகவே ஒன்பது இருக்கை.

ஆனால் நிரலில் இருக்கைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பூஜ்யம் முதல் எட்டு வரை, அதோடு ஒன்பதும் முடிந்தது. கடைசி இருக்கையில் க்லிவொன் உட்கார்ந்துகொண்டது. ஒன்பதாம் எண்ணோடு வந்த பஹிங்குக்கு இடமே இல்லை. அது பக்கத்தில் இருந்த முகவரியின் மடியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு மாடு நுழையும்போதும் முகவரியோடு ஒன்றைக் கூட்டியது.

பழைய விபத்துக் குறிப்புகளை அங்கேயே திறந்து பார்த்தாள். கெட்ட முகவரியிலிருந்து நல்ல முகவரியைக் கழித்தாள். நூற்றிருபத்தெட்டு. அதற்கு முந்தைய பஹிங், அதுவும் நூற்றிருபத்தெட்டு. குப்பை என்று நினைத்திருந்தாளே, அது குப்பையே இல்லை. தப்பான இடத்தில் உட்கார்ந்து மாடுகளைச் சரியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் அலுவலகத்தில் ஒருநாளும் விழவில்லை என்பதும் இப்போது புரிந்தது. பஹிங் அன்றைக்கு அலுவலகத்தில் யாரும் இருப்பதில்லை. எல்லோரும் இங்கே வந்து நின்றுகொண்டிருப்பார்கள்.

ப்ரயித்னோ அவள் தோளுக்கு மேலாகப் படித்து முடித்திருந்தான். நிங் காத்திருந்தாள். நாலு நாள் சேர்த்து வைத்த கேலி முழுதும் இப்போது வரும், வரட்டும், நியாயம்தான்.

"ஒன்பது," என்றான் அவன்.

"ஒன்பது," என்றாள்.

"என் சிப்பைக் கழட்டிக் கழட்டி மாட்டினேனே மூணு தடவை. அதுங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க." கேபிளை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "ஆனா எம்பாக், என்ன கண்ணி வச்சிருக்கீங்க! முதல் மாட்டுலயே. வச்சவங்களையே. நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

வெட்கம் வரும் என்றுதான் நிங் நினைத்திருந்தாள். வந்தது, ஆனால் வந்த வேகத்தில் நகர்ந்து நின்றுகொண்டது. அதன் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது வேறொன்று. அவள் கட்டிய கண் ஆள் பார்க்கவில்லை. முகம் பார்க்கவில்லை. கை வந்ததும் பிடித்தது. ஆறு சந்தைகளில் இருக்கும் தங்கள் பெட்டியைப் பற்றி இப்போது அவளால் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடியும்.

"யோவ், என் மாடு உள்ள போகலாமா, இல்ல இங்கயே வித்துடவா?" என்றார் வியாபாரி.

ஒன்பதைப் பத்தாக மாற்றினாள். ஒரே ஒரு எண்ணின் திருத்தம்தான். கண்ணை எடுக்காமலே பெட்டியை மறுபடி எழுப்பினாள். காளை நுழைந்தது. பீப். கண் பேசவில்லை. அடுத்த மாடு, அதற்கடுத்தது. ஏழரைக்கு, சொல்லி வைத்தாற்போல் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மாடு வாங்க வந்தவர்களும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூற்றிருபத்தேழு. நூற்றிருபத்தெட்டு. அடுத்த பட்டியல் திறந்தது. யாரோ கைதட்டினார்கள்.

"பூ வச்சது வீண் போகல," என்றார் பாக் திமன்.

அன்று நானூற்றுப் பன்னிரண்டு மாடுகள். சந்தை கலைந்ததும் இபு லாஸ்மினி நோட்டைத் திறக்காமலே மூடி வைத்துவிட்டு நிங்கிடம் வந்தார். நடந்ததை நிங் சொன்னாள். நெப்து என்ற சொல் வந்ததுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பஹிங் ஒன்பது. ஒன்பதுக்கு நாற்காலி போடல. அதானே?"

"அதேதான் இபு. போடாதது நான்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எம் பேத்தி கல்யாணத்துக்கே நாள் பாத்தவ நான், எனக்குப் புரியாதா? ஆனா வாயால சொன்னா மாவட்டத்துல எடுபடாது. இப்ப சொன்ன மாதிரியே எழுதிக் குடு. யாரு, எந்த வரி, எப்படிப் பிடிச்சீங்க. மழுப்பலா ஒரு வார்த்தை இருந்தாலும் அவங்க கழட்டச் சொல்லிடுவாங்க, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் பொன். நிங் காலையில் எழுதிய கடிதத்தைப் பாக் ஹார்டோனோ மதியம் வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"'தொழில்நுட்பக் காரணம்'னு போட்டுட்டா என்ன?"

"இபு பேர் கேட்டாங்க பாக்."

"நம்ம பேரை நாமளே எழுதி, சீல் குத்தி அனுப்பறதா? மேல பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வெளிநாட்டுப் பொட்டி விழுந்தா, எந்தக் கை, எந்த வரின்னு அவங்க சொல்வாங்களா பாக்? நாம அஞ்சு நாள்ல சொல்லியிருக்கோம். வேற எதைச் சொல்லிப் பெருமைப்படறது நாம?"

பாக் ஹார்டோனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "'மன்னிக்கவும்' ரெண்டு தடவை வருது," என்றார். "ஒண்ணு போதும். ரெண்டாவதை அடிச்சிடு."

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

'பஹிங் நாட்களில் பெட்டி நின்றதற்குக் காரணம் போர்டோ, மின்சாரமோ, சந்தையின் இடமோ அல்ல. நாள்வாரி எண்ணிக்கைக்கு நான் பத்து இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒன்பதுதான் ஒதுக்கினேன். பஹிங்கின் எண்ணிக்கை பக்கத்து நினைவிடத்தில் எழுதப்பட்டு அதைக் கெடுத்தது. சிப்பின் கண்காணிப்பு வசதியை அந்த இடத்தின் மேல் வைத்து, எழுதிய வரியை முதல் மாட்டிலேயே கையும் களவுமாகப் பிடித்தோம். அந்த வரியை எழுதியவள் நான். திருத்தியவளும் நான். திருத்திய பின் நானூற்றுப் பன்னிரண்டு மாடுகள் பிழையின்றிப் பதிவாயின. மற்ற ஐந்து சந்தைகளின் பெட்டிகளிலும் இதே திருத்தம் இன்று காலை செய்யப்பட்டது.'

கீழே முர்தினிங்சி என்று முழுப்பெயரைக் கையெழுத்திட்டாள். ப்ரயித்னோ பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"என் பேரும் போடணும். கேபிள் பிடிச்சது யாரு?"

"எதுக்கு மாஸ், தப்பு என்னோடது."

"தப்பு உங்களோடது. பிடிச்சது நம்மளோடது." அவள் பெயருக்குக் கீழே, அதைவிடச் சற்றுப் பெரிதாகவே போட்டான்.

பாக் ஹார்டோனோ நிறுவனத்தின் ஊதா முத்திரையை இரண்டு கையெழுத்தையும் தொடும்படி அழுத்திக் குத்தினார். நகலைக் கோப்பில் வைத்தார்கள். நிங் தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டு, ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் இரண்டு தடவை தேய்த்து ஒட்டினாள். மூன்று மணிக்கு ஓஜெக் என்னும் வாடகை பைக் ஓட்டுகிறவர் வாசலில் ஹாரன் அடித்தார். உறையின் மேல் இபு லாஸ்மினியின் பெயரையும் கெடுங்சாரியையும் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்குள் செருகி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.